நுழைவுத் தேர்வு இல்லையா? நான்கு வாரமும் தேர்வுதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த சூட்டோடு தங்கள் கல்விப் பக்கத்தில் கோடிங் பள்ளிகளைப் பற்றி எழுதியது நல்ல காரியம். ஆனால் சன்வேயில் இயங்கும் 42 கோலாலம்பூர் பள்ளியைப் பற்றி ‘கட்டணம் இல்லை, ஆசிரியர் இல்லை, நுழைவுத் தேர்வு இல்லை’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதை நம்பி, யூடியூப் பார்த்துத் தானாகவே கொஞ்சம் நிரல் எழுதப் பழகிய பிள்ளைகள் கையை வீசிக்கொண்டு போய் நின்றால் நிச்சயம் அடிபடுவார்கள். அங்கே தேர்வு இருக்கிறது. ஒரு நாள் தேர்வல்ல, நான்கு வாரத் தேர்வு.

42 பள்ளியை 2013-இல் பாரிஸில் தொடங்கியவர் பிரெஞ்சுத் தொலைத்தொடர்புத் தொழிலதிபர் சேவியே நியெல். இன்று சிங்கப்பூர், அபுதாபி, கோலாலம்பூர் என்று பல ஊர்களில் அதன் கிளைகள் உண்டு. சேர்க்கை முறை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் இணையத்தில் இரண்டு விளையாட்டுகள்: ஒன்று நினைவாற்றலுக்கு, சில நிமிடங்களில் முடிந்துவிடும். மற்றது தர்க்கப் புதிர், சுமார் இரண்டு மணி நேரம் இழுக்கும். விதி என்ன என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள், தட்டித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டியதுதான். கைபேசியில் ஆடாதீர்கள். மடிக்கணினி, நல்ல இணையம், யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம், இவை போதும். நிரல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இதைத் தாண்டியவர்கள் ‘பிசீன்’ என்ற கட்டத்துக்குப் பெயர் பதிய வேண்டும். பிரெஞ்சில் பிசீன் என்றால் நீச்சல் குளம். பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது.

இந்தக் குளத்தில் அதிகம் தடுமாறுகிறவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் என்று நினைத்தால் தவறு. அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான். பைதானில் ஒரு கால்குலேட்டர், எச்டிஎம்எல்லில் ஒரு வலைப்பக்கம், டெலிகிராமில் தானாகப் பதில் சொல்லும் ஒரு ‘பாட்’ என்று செய்து பார்த்தவர்களுக்கு நம்பிக்கை இருக்கும். ஆனால் அவர்களுக்குப் பழக்கமான எதுவும் அங்கே கைகொடுக்காது. மொழி சி. அதிலும் திரையில் எழுத உதவும் தயார்க் கட்டளையான பிரிண்ட்எஃப் கிடையாது. திரையில் ஓர் எழுத்தைக் காட்ட ‘ரைட்’ என்ற அடிப்படைக் கட்டளையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நாமே எழுத வேண்டும். ஒரு பட்டியலின் நீளத்தைச் சொல்ல, ஒரு சொல்லைத் திருப்பிப் போட, எண்ணை எழுத்தாக மாற்ற, எல்லாவற்றுக்கும் பைதானில் ஒரே வரி போதும். இங்கே ஒவ்வொன்றும் ஒரு பயிற்சி.

அதற்கும் முன்னால் ஷெல், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்தே கணினியை இயக்கும் முறை. தொடக்கத்தில் வரும் ஒரு பயிற்சியைக் கேட்டால் சிரிப்பு வரும்: இசட் என்ற பெயரில் ஒரு கோப்பு செய்யுங்கள், அதைத் திறந்து காட்டச் சொன்னால் பெரிய இசட் எழுத்தும், அதன் பின் ஒரு வரி முறிவும் வர வேண்டும். அவ்வளவுதான். இதிலேயே ஆட்கள் விழுகிறார்கள். எழுத்து வந்ததா, வந்தது. வரி முறிவை யார் பார்க்கிறார்கள்? திருத்துகிற இயந்திரம் பார்க்கும். எழுத்துக்கு ஒன்று, வரி முறிவுக்கு ஒன்று என்று கோப்பு சரியாக 2 பைட் இருக்க வேண்டும். 1 பைட் இருந்தால் தவறு. கோப்பின் பெயரைப் பெரிய எழுத்தில் வைத்தாலும் தவறு. இந்தக் கண்டிப்பு முதல் நாளே புரிந்துவிட்டால் மீதி நாள்கள் கொஞ்சம் எளிது.

திருத்தும் இயந்திரத்துக்கு மூலினெட் என்று பெயர். அதன் குணத்தை ஒரு வரியில் சொல்லலாம்: எங்கே முதல் தவறோ அங்கேயே நிறுத்திவிடும். ஒரு தொகுப்பில் ஒன்பது பயிற்சிகள் இருந்து, மூன்றாவதில் சறுக்கினால், அதற்குப் பின் உள்ள ஆறும் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் கணக்கில் வராது. பள்ளித் தேர்வில் தெரிந்த கேள்வியை முதலில் எழுதி, தெரியாததைக் கடைசிக்கு ஒதுக்குகிற பழக்கம் நம் பிள்ளைகளுக்கு உண்டு. இங்கே அது தலைகீழ். கடினமான எட்டாவதில் இரவெல்லாம் உட்காருவதைவிட, சுலபமான முதல் மூன்றை நான்கு தடவை சோதிப்பதே மதிப்பெண் தரும்.

நார்ம் என்று ஓர் எழுத்து விதித் தொகுப்பும் இருக்கிறது. ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு, 25 வரிக்கு மேல் போகக் கூடாது. ஒரு கோப்பில் ஐந்து ஃபங்ஷனுக்கு மேல் கூடாது. ஒரு வரி 80 எழுத்தைத் தாண்டக் கூடாது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய ஃபார் லூப் கிடையாது, வைல் மட்டும்தான். மாறியை (மதிப்பை வைத்திருக்கும் பெயரை) அறிவிக்கும் வரியிலேயே அதற்கு மதிப்புக் கொடுக்கக் கூடாது. உள்தள்ளலுக்கு ஸ்பேஸ் தட்டினால் பிழை, டேப் வேண்டும். வரியின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் பிழை. நிரல் சரியாக ஓடினாலும் நார்ம் பிழை இருந்தால் பூஜ்யம். ‘இதெல்லாம் சின்ன விஷயம்’ என்று வாதாட அங்கே ஆசிரியர் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

இனி ஒரு பயிற்சியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒரு முழு எண்ணைத் திரையில் அச்சிடும் ஃபங்ஷனை எழுத வேண்டும், ரைட் கட்டளையை மட்டும் வைத்து. 42 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். பத்தால் வகுத்தால் ஈவு 4, மீதி 2. முதலில் 4, பிறகு 2 என்று எழுத வேண்டும். ஆனால் 4 என்ற எண் வேறு, ‘4’ என்ற எழுத்து வேறு. கணினிக்கு ‘0’ என்ற எழுத்தின் குறியீடு 48. ஆகவே 4-உடன் 48 கூட்டி 52 என்று அனுப்பினால்தான் திரையில் 4 தெரியும். பெரிய எண்ணாக இருந்தால், ஃபங்ஷன் தன்னையே அழைத்து ஈவை முதலில் அச்சிட்டுவிட்டு, மீதியைக் கடைசியில் அச்சிட வேண்டும். இதுவரை பலரும் வந்துவிடுவார்கள்.

அடுத்து எதிர்மறை எண். கழித்தல் குறியை அச்சிட்டுவிட்டு, எண்ணை நேர்மறையாக மாற்றி மேலே சொன்னபடி செய்தால் போதும் என்று தோன்றும். மைனஸ் 5-க்குச் சரி, மைனஸ் 900-க்கும் சரி. மூலினெட் கொடுக்கும் எண் மைனஸ் 2147483648. நான்கு பைட் முழு எண்ணில் அடங்கும் மிகச் சிறிய மதிப்பு அது. மிகப் பெரிய மதிப்போ 2147483647, ஒன்று குறைவு. குறியை மாற்றியதும் அந்த எண் பெட்டிக்குள் அடங்காமல் வழிந்துவிடும், திரையில் குப்பை வரும். இந்த ஒரு மதிப்பைத் தனியாகக் கவனித்துக்கொள்ளலாம், அல்லது கணக்கைப் பெரிய பெட்டியில், அதாவது லாங் வகையில், செய்யலாம். இன்னொரு மூலையில் பூஜ்யம் உட்கார்ந்திருக்கிறது. ‘எண் பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்கும் வரை’ என்று வைல் லூப் எழுதியவருக்குப் பூஜ்யம் வந்தால் எதுவுமே அச்சாகாது. விளிம்பில் நிற்கும் இப்படிப்பட்ட மதிப்புகளை யாரும் சொல்லாமலே தேடிப் பிடிக்கும் பழக்கம் இருக்கிறதா என்பதைத்தான் நான்கு வாரமும் பார்க்கிறார்கள் என்பது எங்கள் கருத்து.

சுயமாகக் கற்றவர்களுக்கு இன்னொரு பெரிய பள்ளம் கிட், அதாவது நிரலின் மாற்றங்களைப் பதிந்து சர்வருக்கு அனுப்பும் கருவி. வீட்டில் தனியாக எழுதியவருக்கு ‘சேவ்’ செய்தால் வேலை முடிந்தது. இங்கே ஆட், கமிட், புஷ் மூன்றும் செய்து சர்வருக்குப் போனால்தான் வேலை முடிந்தது. மதிப்பிட வருபவர் உங்கள் திரையில் இருப்பதைப் பார்ப்பதில்லை. சர்வரில் உள்ளதைக் காலி ஃபோல்டரில் புதிதாக இறக்கித்தான் பார்ப்பார். கமிட் செய்து புஷ் செய்ய மறந்தவரின் ஃபோல்டர் வெறுமையாக இறங்கும். சோதிப்பதற்காக எழுதிய மெயின் ஃபங்ஷனை (நிரல் ஓடத் தொடங்கும் இடம்) நீக்காமல் விட்டால், மூலினெட் தன்னுடைய மெயினைச் சேர்க்கும்போது இரண்டும் மோதிக் கம்பைல் ஆகாது, அதாவது நிரல் இயங்கும் கோப்பாக மாறாது. கம்பைல் செய்து வந்த கோப்பு கூடவே கிடந்தால் ‘கேட்காத கோப்பு’ என்று குறை வரும். வீட்டிலேயே ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம்: புஷ் செய்ததும் வேறு ஃபோல்டரில் குளோன் செய்து, அதாவது சர்வரிலிருந்து புதிதாக இறக்கி, எல்லா எச்சரிக்கையையும் பிழையாக எடுத்துக்கொள்ளும்படி கம்பைலருக்குச் சொல்லி, ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

ஆசிரியர் இல்லாததால் மதிப்பிடுவது சக மாணவர்கள். உங்கள் வேலையை மதிப்பிடச் சொன்னால் உங்களிடமுள்ள மதிப்பீட்டுப் புள்ளி ஒன்று குறையும். அடுத்தவர் வேலையை மதிப்பிட்டால் ஒன்று கூடும். வெட்கப்பட்டு மூலையில் உட்கார்ந்தால் புள்ளி தீர்ந்து வேலை நின்றுவிடும். தமிழ்ப்பள்ளியில் படித்து ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பிள்ளைகள் இதைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. அலங்கார ஆங்கிலத்துக்கு அங்கே வேலை இல்லை. ‘இந்த வரி ஏன்?’ என்று கேட்டால், அந்த வரி என்ன செய்கிறது என்று நான்கு சொல்லில் காட்டத் தெரிந்தால் போதும். வீட்டில் தம்பி தங்கையை உட்கார வைத்து, எழுதிய நிரலை வரிவரியாக விளக்கிப் பழகலாம். அவர்கள் கொட்டாவி விட்டாலும் பரவாயில்லை, நமக்கே எங்கே தெரியவில்லை என்று வெளிச்சமாகும்.

சாட்ஜிபிடி காலத்தில் இதைச் சொல்லியாக வேண்டும். அது எழுதித் தந்ததையோ பக்கத்தில் இருப்பவர் எழுதியதையோ ஒட்டிவிட்டு, விளக்கச் சொன்னால் திருதிருவென விழிப்பவர் மாட்டிக்கொள்வார். காப்பி என்று முடிவானால் மதிப்பெண் பூஜ்யம்கூட அல்ல, மைனஸ் 42. பிறரிடம் கேட்பது தவறே இல்லை. கேட்டுப் புரிந்துகொண்டபின் அதை அழித்துவிட்டு, பார்க்காமல் தானே மறுபடி எழுத வேண்டும் என்பதுதான் அங்கே படிக்கிறவர்கள் வைத்திருக்கும் எழுதாத விதி.

வெள்ளிக்கிழமைகளில் தேர்வு. நான்கு மணி நேரம், இணையம் இல்லை, கைபேசி இல்லை, பேச்சு இல்லை. கடைசித் தேர்வு எட்டு மணி நேரம். ஒரு கணக்கு சரியானால்தான் அடுத்தது திறக்கும். தேர்வுக்கு முன்கூட்டியே தளத்தில் பெயர் கொடுக்க வேண்டும். வாரம் முழுதும் உழைத்துவிட்டு அதை மறந்து வெளியே நிற்பவர்கள் உண்டு. பழகிய எடிட்டர் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தே வளர்ந்தவர்களுக்கு இந்த நான்கு மணி நேரம் நரகம். அதனால் வீட்டிலேயே அந்த வசதியை அணைத்துவிட்டு எழுதுங்கள்.

வார இறுதியில் ரஷ் என்று குழுவேலை. குழுவில் யார் யார் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. அகலமும் உயரமும் கொடுத்தால் எழுத்துகளால் ஒரு செவ்வகம் வரையும் நிரல் அவற்றுள் ஒன்று. அகலம் 5, உயரம் 3 எல்லோருக்கும் வரும். அகலம் 1, உயரம் 5 என்றால்? இரண்டும் 1 என்றால்? பூஜ்யம் என்றால்? திரும்பவும் அதே விளிம்புகள்தான். குழுவில் ஒருவர் மட்டும் எழுதி மற்றவர்கள் வேடிக்கை பார்த்தால், விளக்கும் நேரத்தில் எல்லோருக்கும் சேர்ந்து விழும்.

தயாராக எவ்வளவு காலம் வேண்டும்? நாளைக்கு இரண்டு மணி நேரம் வீதம் எட்டு வாரம் ஒதுக்கினால் முதல் வாரத்தை மூச்சுத் திணறாமல் கடக்கலாம். முதல் வாரம் டெர்மினலும் (கட்டளை தட்டும் திரை) கிட்டும் மட்டும். மவுஸைத் தொடாமல் ஃபோல்டர் உருவாக்க, நகர்த்த, அனுமதி மாற்ற, தேட வர வேண்டும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதியைப் போட்டுக்கொள்ளலாம், புதுக் கணினி தேவையில்லை. விம் எடிட்டரில் நுழைய, எழுத, சேமித்து வெளியேற இந்த மூன்று மட்டும் போதும். வெளியே வரத் தெரியாமல் சிக்கிக்கொள்வது உலகம் முழுக்க உள்ள வேடிக்கை.

அடுத்த மூன்று வாரம் சி மொழியில் வைல், இஃப், ஃபங்ஷன். அதன் பின் இரண்டு வாரம் முழுக்கப் பாயிண்டரும் (நினைவகத்தில் ஒரு மதிப்பு இருக்கும் இடத்தின் முகவரி) எழுத்துச் சரமும். அவசரப்பட வேண்டாத இடம் இதுதான். தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் முகவரி எழுதி, பாயிண்டர் எந்தக் கட்டத்தைக் காட்டுகிறது என்று அம்புக்குறி வரையுங்கள். இரண்டு மாறிகளின் மதிப்பை மாற்றிக்கொள்ளும் ஃபங்ஷன் ஏன் பாயிண்டர் இல்லாமல் வேலை செய்யாது என்பதைத் தாளில் காட்டத் தெரிந்தவருக்குப் பாதி தூரம் முடிந்தது. ஐந்து எழுத்துள்ள ஆங்கிலச் சொல்லுக்கு ஆறு இடம் வேண்டும், கடைசி இடம் ‘இத்துடன் முடிந்தது’ என்று சொல்லும் பூஜ்யத்துக்கு. அந்த ஓரிடத்தை மறந்துதான் சி நிரல்கள் அதிகம் நொறுங்குகின்றன.

நமக்கே உரிய ஒரு சோதனையும் செய்து பார்க்கலாம். சொல்லின் நீளத்தைச் சொல்லும் ஃபங்ஷனை நீங்களே எழுதி, அதற்கு ‘அம்மா’ என்று கொடுங்கள். மூன்று என்று வராது, 15 என்று வரும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து குறிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். எழுத்து வேறு, பைட் வேறு என்பது இந்த ஒரு சொல்லில் புரிந்துவிடும்.

ஏழாவது வாரம் தன்னையே அழைக்கும் ஃபங்ஷன்களும், மாலக் கொண்டு நினைவக இடம் கேட்டு வாங்குவதும். எட்டாவது வாரம் புதிதாக எதையும் படிக்காமல், நான்கு மணி நேரத் தேர்வை வீட்டில் இரண்டு மூன்று தடவை நடத்திப் பாருங்கள். கைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு.

கட்டணம் இல்லை என்பது செலவு இல்லை என்று ஆகாது. வேலை பார்ப்பவர்களால் நான்கு வாரமும் பகுதி நேரமாக வந்து போக முடியாது. சம்பளமில்லா விடுப்பு எடுத்தாக வேண்டியிருக்கும். கிள்ளானிலிருந்து வருபவர்கள் கேடிஎம் ரயிலில் செத்தியா ஜெயா வந்து பிஆர்டி பேருந்துக்கு மாறலாம். ஆனால் வேலை முடிய இரவாகும், கடைசி ரயில் நேரத்தை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். அருகில் அறை எடுத்துத் தங்க முடிந்தால் நல்லது. மூன்று இரவு தூங்காமல் மாமாக் கடை தே தாரிக்கை நம்பி ஓட்டுபவர்கள் நான்காம் நாள் காலை செய்யும் பிழைகளைத் திருத்தவே இரண்டு நாள் போய்விடும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். முடித்தால் பட்டச் சான்றிதழ் வராது. பட்டம் கட்டாயம் என்று கேட்கும் வேலைக்கு இது உதவாது என்பதைத் தெரிந்துகொண்டே பிள்ளைகளை அனுப்புங்கள். நான்கு வாரம் முடிந்ததும் முடிவு உடனே வராது. இத்தனை மதிப்பெண்ணுக்கு இடம் என்று பள்ளி கணக்கு வெளியிடுவதும் இல்லை. இடம் கிடைக்காவிட்டாலும் அந்த நான்கு வாரத்தில் கற்ற சி யாரும் பறித்துக்கொள்ள முடியாதது.

இடம் கிடைக்காதவர்களின் கைபேசிக்குத்தான் அடுத்த விளம்பரம் வரும்: ‘இப்போது பணம் வேண்டாம், வேலை கிடைத்த பின் சம்பளத்தில் பங்கு கொடுங்கள்.’ அமெரிக்காவில் லாம்ப்டா ஸ்கூல் என்று தொடங்கிப் பிறகு ப்ளூம்டெக் என்று பெயர் மாற்றிக்கொண்ட பள்ளி இப்படித்தான் நடத்தியது: ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் சம்பாதித்தால் 24 மாதத்துக்குச் சம்பளத்தில் 17 விழுக்காடு, உச்ச வரம்பு 30,000 டாலர். 2024 ஏப்ரலில் அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, இது கடன்தான், அதைக் கடன் இல்லை என்று மாணவர்களிடம் சொன்னது தவறு என்று நடவடிக்கை எடுத்து, நுகர்வோருக்குக் கடன் கொடுப்பதிலிருந்து அந்த நிறுவனத்துக்கு நிரந்தரத் தடை விதித்தது. வேலை கிடைத்தோர் விழுக்காட்டை 71 முதல் 86 வரை என்று விளம்பரப்படுத்திய அதே பள்ளி, முதலீட்டாளர்களுக்குக் கொடுத்த கணக்கில் அது 50-ஐ ஒட்டியே இருந்ததாம். ஆகவே எந்தப் பள்ளியானாலும் கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்: மொத்தம் அதிகபட்சம் எவ்வளவு கட்ட வேண்டும், எந்தச் சம்பளத்திலிருந்து கழிக்கத் தொடங்குவார்கள், பாதியில் நின்றால் என்ன, வேறு துறையில் வேலை கிடைத்தாலும் கட்ட வேண்டுமா. பதிலை வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள், ஒப்பந்தத்தில் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்பள்ளிகளைப் பற்றி எழுதும்போது, கட்டடத்தின் படத்துக்குப் பதிலாக பிசீனின் தொடக்கத்தில் வரும் இந்தக் கணக்கைக் கட்டம் கட்டிப் போடுங்கள். வாசகர்கள் தாளில் முயன்று பார்க்கட்டும்: ஏறு வரிசையில் அமைந்த மூன்று வெவ்வேறு இலக்கங்களின் எல்லாச் சேர்க்கைகளையும் 012, 013, 014 என்று தொடங்கி 789 வரை, இடையில் காற்புள்ளியும் ஒரு ஸ்பேஸும் விட்டு அச்சிட வேண்டும். மொத்தம் 120 வரும். 021 வரக் கூடாது, 112 வரக் கூடாது. கடைசி 789-க்குப் பின்னால் காற்புள்ளி வரக் கூடாது.

இப்படிக்கு,
மென்பொருள் துறையில் பணிபுரியும் வாசகர்கள் இருவர்,
கிள்ளான்.